பாஷாவின் வழுக்கை

பூனையின் இடது விலாவில் வழுக்கை விழுந்திருப்பதை வாஹிதா கண்டுபிடித்தபோது, அதற்குக் காரணமான கத்தரிக்கோல் ஷெஃபிக்கின் சட்டைப் பையில்தான் இருந்தது.

"சம்பந்தி, இங்க பாருங்களேன்! என் பாஷாவுக்கு முடி கொட்டுது!"

ஷெஃபிக் காப்பிக் கிண்ணத்தைத் தட்டில் வைத்தார்.

"பருவம் மாறுது இல்லையா? இலை கொட்டற மாதிரி எல்லாருக்கும் கொட்டும். எனக்கே கொட்டுது."

"உனக்குக் கொட்டறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ரசீமா.

நியாயமான கேள்வி. ஊரில் பாதித் தலைகளை அழகுபடுத்தி அனுப்பும் சலூன்காரர் ஷெஃபிக்கின் சொந்தத் தலை, துடைத்துக் கவிழ்த்த பீங்கான் கிண்ணம் மாதிரி இருக்கும்.

வாஹிதா பூனையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பாஷா பெரிய பூனை. புகை நிறம். அந்தக் காலத்துத் துருக்கி ஆளுநர் ஒருவர் கப்பம் வராத கோபத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற முகம். மருந்துக்கடை நடத்தும் வாஹிதாவுக்குக் கணவர் இறந்த பிறகு உலகத்தில் இருந்தது இரண்டே பேர்: மகன் அனெல், இந்தப் பாஷா. அந்த அனெலைத்தான் ஷெஃபிக்கின் மகள் நெய்ரா கட்டிக்கொள்ளப் போகிறாள். அக்டோபரில் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது. பாட்டுக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது.

"பருவத்துக்குக் கொட்டினா உடம்பு பூராவும் கொட்டணும். இது ஒரே இடத்துல வட்டமா இருக்கே?"

ஷெஃபிக் இந்த இடத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். குற்றமுள்ள மனசு சும்மா இருக்க விடவில்லை.

"மனக்கவலையா இருக்கும் சம்பந்தி. ஏக்கம் வந்தா பூனைக்கு முடி கொட்டுமாம். பேப்பர்ல போட்டிருந்தான்."

"இவனுக்கு என்ன ஏக்கம்? வேளாவேளைக்கு ஈரல் வேகவெச்சுப் போடறேன்."

"சாப்பாடு இல்லீங்க. வீட்டுல ஏதாவது மாறப்போகுதுன்னா அதுங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுடுமாம்."

வாஹிதா மெதுவாகப் பூனையை மடியில் இறக்கினார்.

"மாறப்போகுதுன்னா... வீட்டுக்குப் புதுசா யாராவது வரப்போறாங்கன்னா?"

ரசீமா மேசைக்கு அடியில் கணவனின் காலை மிதித்தாள். மிதி விழுந்த பிறகுதான் ஷெஃபிக்குக்கு உறைத்தது. அந்த வீட்டுக்குப் புதிதாக வரப்போவது அவருடைய சொந்த மகள்.

எல்லாம் ஆற்றில் ஆரம்பித்த வினை. சலூனைப் பூட்டியதும் ஷெஃபிக் தூண்டில் கோலோடு உனா ஆற்றுக்குப் போய்விடுவார். புழுவைக் கோத்து மீன் பிடிப்பவர்களை அவர் மனிதர்களில் சேர்ப்பதில்லை. அவருடையது பொய் ஈ. பொடித் தூண்டில் முள்ளில் பட்டு நூலைச் சுற்றி, நூலில் முடியைத் திரித்து உடம்பாக்கி, சேவலின் கழுத்து இறகைச் சுற்றிக் காலாக்கி, தன் கையாலேயே கட்டுவார். நனையாமல் தண்ணீர்மேல் அது மிதந்து போக வேண்டும். நிஜப் பூச்சி என்று நம்பி மீன் வாயைத் திறக்க வேண்டும்.

டிரவுட் மீன் நம்பிவிடும். கிரேலிங் மீன் நம்பாது. கிரேலிங் மெதுவாக மேலே வரும், ஈயின் கூடவே கொஞ்ச தூரம் மிதக்கும், மேலும் கீழும் பார்க்கும், பிறகு காப்பியைத் தொடாமலே எழுந்து போகிற பணக்காரச் சம்பந்தி மாதிரித் திரும்பிவிடும். பழைய மாவு மில்லுக்குக் கீழே அப்படி ஒன்று இருந்தது. முதுகுத் துடுப்பு விசிறி அகலம். முயல் முடி, மான் முடி எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. ஒரு தடவை சலூனில் வெட்டி விழுந்த நோட்டரியின் நரைத்த மீசையையும் கட்டிப் போட்டார். அதையும் பார்த்துவிட்டுப் போனது.

நிச்சயம் பேசப் போன அன்று பாஷா ஷெஃபிக்கின் மடியில் ஏறிப் படுத்தது. வீட்டுக்கு வந்து பேண்ட்டைத் தட்டப் போனவர், தட்டவில்லை. பூனையின் மேல் முடிக்கு அடியில் இருக்கும் பஞ்சு மாதிரியான முடி துணியில் ஒட்டியிருந்தது. சாயங்காலம் உனாவிலிருந்து எழும்பும் சின்னப் பூச்சிகளுக்கு என்ன நிறமோ அதே நிறம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். உருண்டு ஓடியது.

மறுநாள் அந்த முடியில் கட்டிய ஈயைப் போட்டதும், மில்லுக்குக் கீழே அந்தக் கிரேலிங் மேலே வந்தது. யோசிக்கவே இல்லை. ஷெஃபிக் அதைக் கையில் ஏந்தி, நெற்றியில் முத்தம் கொடுத்து, ஆற்றிலேயே விட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து அழுதார்.

அன்றிலிருந்து சம்பந்தி வீட்டுக்குப் போக அவருக்கு ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் நாற்காலி போடுவதைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு நாள் இனிப்பைப் பற்றிப் பேச வேண்டும். "இந்த மனுஷனுக்குப் பொண்ணு மேல இவ்வளவு பாசமா!" என்று ரசீமா உருகினாள். வாஹிதா காப்பி போட உள்ளே போகும்போதெல்லாம் ஒரே ஒரு சிட்டிகை. அவ்வளவுதான். சிட்டிகை சிட்டிகையாக வட்டம் விழுந்துவிட்டது.

ஏக்கம் என்று சொன்ன வாயை எப்படியாவது அடைத்தாக வேண்டும். இரண்டு நாள் கழித்து ஷெஃபிக்கே வாஹிதாவுக்குப் போன் செய்தார்.

"சம்பந்தி, நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. ஏக்கமெல்லாம் சும்மா. உடம்புலதான் ஏதோ கோளாறு. டாக்டர்கிட்ட காட்டிடலாம், நானும் கூட வரேன்."

கால்நடை மருத்துவர் ஸ்லாவ்கோ வசந்தத்தில்தான் இந்த ஊருக்கு வந்தவர். அதிகம் பேச மாட்டார். பூதக்கண்ணாடியை வைத்து வழுக்கையைப் பார்த்தார். ஓரத்து முடியை விரலால் பிரித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது தானா கொட்டினது இல்ல" என்றார்.

ஷெஃபிக் ஒரு அடி பின்வாங்கிச் சுவரில் மோதினார். பக்கத்திலிருந்த உதவியாளர் செனாதா அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"பூஞ்சை" என்றார் டாக்டர்.

"பூஞ்சையா?" என்றார்கள் இருவரும். வாஹிதா பயத்தில் கேட்டார். ஷெஃபிக் நிஜமாகவே கேட்டார்.

"அபூர்வமான ஜாதி. வாராவாரம் கொண்டு வாங்க. பரவாம இருக்க வழுக்கையைச் சுத்தி ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுக்கணும். நானே வெட்டறேன். வெட்டின முடியையும் நானே எரிச்சுடறேன். அது வெளியில போகக் கூடாது."

"மனுஷங்களுக்குத் தொத்துமா டாக்டர்?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "ஜாக்கிரதையா இருக்கறது நல்லது."

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஷெஃபிக்குக்கு அரிக்க ஆரம்பித்தது. வெட்டியது தான்தான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் படித்த டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்கிறாரே! பூஞ்சை அங்கே ஏற்கெனவே இருந்திருந்தால்? முடியை நூலில் திரிக்கும்போது விரலை எச்சில் தொட்டுத்தான் திரிப்பார். எத்தனை தடவை நாக்கில் வைத்திருப்பார்! அன்று கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"என்ன பண்ற?" என்றாள் ரசீமா.

"நாக்குல முடி முளைச்சிருக்கான்னு பாரு."

"தலையில முளைக்காதது நாக்குல முளைச்சுடுமா? போய்ப் படு."

பூனையைத் தொடுவதையே விட்டுவிட்டார். ஆனாலும் வாராவாரம் வழுக்கை பெரிதாகிக்கொண்டே போனது. டாக்டர் சுற்றி ஒரு விரல் வெட்டுவார். அடுத்த வாரம் வாஹிதா பயந்துபோய்க் கொண்டு போவார். இன்னும் பரவாமல் இருக்க, இன்னும் ஒரு விரல். பாஷாவின் இடது பக்கம் உழுத வயல் மாதிரி ஆனது. வலது பக்கம் மட்டும் பழைய கம்பீரம். அது வீட்டுக்குள் நடந்து வரும்போது எந்தப் பக்கமாக வருகிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு பூனையாகத் தெரிந்தது.

வாஹிதா மருந்துக்கடைக்காரர். சுத்தம் அவருக்கு மதம் மாதிரி. திரை, கம்பளம், மெத்தை உறை எல்லாம் கொதிநீரில் இறங்கின. அனெல் கையுறை போட்டுக்கொண்டு சாப்பிட்டான். நெய்ரா வந்தால் வாசலிலேயே நிறுத்தி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். அந்த நேரம் பார்த்து நெய்ராவின் மணிக்கட்டில் ஒரு சிவப்புப் புள்ளி.

"கொசு கடிச்சது அத்தை."

"இந்தக் குளிர்லயா கொசு?"

நெய்ரா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். "எல்லாருக்கும் சரியாகிற வரைக்கும் கல்யாணத்தை வசந்தத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்றாங்கப்பா! அனெல் ஒரு வார்த்தை பேசலை. கையுறையைக் கழட்டாம என் கையைப் பிடிச்சு சமாதானம் சொல்றான்!"

ரசீமா தன் வீட்டிலும் வெந்நீர் வைத்தாள். ஷெஃபிக்கின் ஆற்றுத் தொப்பி, அதில் குத்தியிருந்த ஈக்களோடு அப்படியே பானைக்குள் போனது. மகள் அழுகிறாள், தொப்பிக்காக என்ன பேசுவது?

முடி கொட்டியதுதானே பிரச்சினை? முடி வளர்ந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. சலூன்காரருக்கு இது கூடவா முடியாது? மேசை இழுப்பறையில் புகை நிற முயல் தோல் ஒன்று இருந்தது. ஈயின் தலையில் நூல் அவிழாமலிருக்கத் தடவும் வார்னிஷ் இருந்தது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, மேலே திராட்சைக் குலைகளை வைத்து மூடி, அடுத்த நாள் மத்தியானம் சம்பந்தி வீட்டுக்குப் போனார்.

வாஹிதா சமையலறையில் திராட்சையை மருந்துத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார். பாஷா ஈரல் தின்ற மயக்கத்தில் சோபாவில் கிடந்தது. ஷெஃபிக் மெல்லிசாக வார்னிஷ் தடவினார். முடியைக் கொத்துக் கொத்தாக, வளரும் திசை பார்த்து, அடுக்கினார். ஓரத்தைக் கத்தரித்தார். சீப்பால் ஒரு இழுப்பு. தள்ளி நின்று பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு வேலை அவர் கையிலிருந்து வந்ததில்லை. கண்ணாடியை எடுத்துப் பூனையிடம் பின்பக்கத்தைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

"சம்பந்தி! இங்க வந்து பாருங்க!"

வாஹிதா வந்தார். பார்த்தார். கையிலிருந்த தட்டு நழுவியது.

"வளந்துடுச்சு! அல்லாவே, என் கண்ணுக்கு முடி வளந்துடுச்சு!"

தடுப்பதற்குள் பூனையை வாரி எடுத்துக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டார். வார்னிஷ் இன்னும் காயவில்லை. பாஷா திமிறிக் குதித்தது. பூனை பழையபடி மொட்டையாக அலமாரி மேல் ஏறியது. முடி முழுக்க வாஹிதாவின் வலது கன்னத்தில் இருந்தது.

ஷெஃபிக் அந்தக் கன்னத்தையே பார்த்தார். அவர் பார்வை போன இடத்தை வாஹிதா தடவிப் பார்த்தார். அலமாரிக் கண்ணாடியில் பார்த்தார்.

அந்த அலறலுக்குத் தெருவில் நாய்கள் குரைத்தன.

"தொத்திக்கிச்சு! எனக்கு முடி முளைக்குது! சம்பந்தி, தாடி முளைக்குது!"

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே களேபரம். வாஹிதா போனை எடுத்து ஸ்லாவ்கோவின் மருத்துவமனையைக் கூப்பிட்டார். "டாக்டர் இல்லையா? பூனையோட முடி தோலோட உரிஞ்சு என் மூஞ்சியில ஒட்டிக்கிச்சு, டாக்டர் எங்க போனார்? எங்கயோ அவசரமா போயிருக்காரா? எனக்கு இங்க தாடி முளைச்சிருக்கு, இதைவிட என்ன அவசரம்?" அடுத்து மகனைக் கூப்பிட்டார். அனெல் ஓடி வந்தான். அவன் சொல்லி நெய்ராவும் ரசீமாவும் ஓடி வந்தார்கள். வாஹிதா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கல்யாணம் இல்ல" என்றது துண்டு. "இந்த மூஞ்சியோட நான் எப்படி மண்டபத்துல நிப்பேன்? வசந்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாஷாவைக் கூட்டிக்கிட்டு சரயேவோவுக்குப் போறேன். பெரிய டாக்டரைப் பாக்கப் போறேன்."

நெய்ரா வாசற்படியில் நின்றாள். அழவில்லை. நிச்சய மோதிரத்தை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஷெஃபிக் அதைப் பார்த்தார். அவ்வளவுதான், அவரால் முடியவில்லை.

"அனெல், நகப்பூச்சு கழுவற திரவம் இருக்கா? பஞ்சும் கொண்டு வா."

"எதுக்கு மாமா?"

"கொண்டு வாப்பா."

பழக்க தோஷம், வாஹிதாவின் முகத்திலிருந்த துண்டை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். தாடையை இரண்டு விரலால் லேசாக நிமிர்த்தினார். சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான் இதுவரை அவரிடம் மனம் திறந்திருக்கிறார்கள். இன்றைக்கு அவர் முறை.

"இது உங்க முடி இல்ல சம்பந்தி. பாஷா முடியும் இல்ல. முயல் முடி. நான்தான் ஒட்டினேன்." பஞ்சால் துடைத்தார். தாடியில் கால்வாசி வந்தது.

"ஏன் ஒட்டினீங்க?"

"வழுக்கையை மறைக்க."

"வழுக்கைக்கு நீங்க ஏன்..."

"நான்தான் வெட்டினேன். ஒவ்வொரு தடவை வரும்போதும். ஈ கட்டறதுக்கு. உங்க பூனை முடி மாதிரி முடி இந்த உலகத்துல கிடையாது. கிரேலிங் அதை மட்டும்தான் நம்புது." இன்னொரு துடைப்பு. "ஏக்கம்னு சொன்னது பொய். பூஞ்சை எங்கிருந்து வந்ததுன்னு அல்லா சத்தியமா எனக்குத் தெரியாது. என் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. என்னை என்ன வேணா சொல்லுங்க, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

கன்னம் சுத்தமானது. ரசீமா பற்களுக்கிடையே மெதுவாகச் சொன்னாள்: "நாற்காலி போடறதைப் பத்திப் பேசப் போனே. இனிப்பைப் பத்திப் பேசப் போனே. அட மனுஷா!"

வாஹிதா கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"பாஷாவுக்கு என் மருமக வர்றதுல ஏக்கமோ கோபமோ இல்லையா?"

"அவ வந்தா அதுக்கு இன்னொரு மடி. அவ்வளவுதான்."

வாஹிதா எழுந்தார். சோபாவிலிருந்த தலையணையை எடுத்து ஷெஃபிக்கின் வழுக்கையில் ஓங்கி ஒரு போடு போட்டார். இன்னொன்று போட்டார். மூன்றாவதற்கு ஓங்கியபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, நெய்ராவை இழுத்து, கன்னத்தைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டார். "தாடி இல்லடி எனக்கு! தாடி இல்ல!" அனெல் கையுறையைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசினான்.

காப்பி வந்தது. எல்லாருக்கும் திடீரென்று பயங்கரப் பசி. மருந்து வாடை அடித்த திராட்சையைக்கூடத் தின்றார்கள்.

"காட்டுங்க அந்த ஈயை" என்றார் வாஹிதா.

ரசீமாவின் வெந்நீருக்குத் தப்பிய ஒன்று ஷெஃபிக்கின் பர்ஸில் இருந்தது. உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. வாஹிதா ஊதினார். அது எழுந்து நின்று சிலிர்த்தது.

"இதுவா என் பாஷா?" அவர் குரலில் கோபம் தேடினாலும் கிடைக்கவில்லை. "அவ்வளவு பெரிய மீனு, என் பாஷாவைப் பாத்தா மேல வருது?"

"வேற யாரைப் பாத்தும் வராது."

"இனிமே கத்தரிக்கோல் கொண்டு வந்தீங்கன்னா கையை ஒடிப்பேன். சீப்புல வர்றதை எடுத்து வெக்கறேன்." காப்பியைக் கையில் எடுத்தவர், குடிக்காமல் நிறுத்தினார். "அது சரி சம்பந்தி. நீங்க வெட்டினீங்க, சரி. டாக்டர் கண்ணாடி வெச்சுப் பாத்துட்டுப் பூஞ்சைன்னு சொன்னாரே?"

"அதுதான் எனக்கும் புரியலை."

வாசலில் மணி அடித்தது. அனெல் கதவைத் திறந்தான். மருத்துவமனை உதவியாளர் செனாதா மூச்சு வாங்க நின்றாள். கையில் ஒரு காகித உறை.

"நீங்க போன் பண்ணதை டாக்டருக்குச் சொல்லிட்டேன் மேடம். பயப்பட ஒண்ணுமே இல்லையாம், பூஞ்சையைப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாமாம். உரிஞ்சு வந்த முடியை மட்டும் நனையாம இந்தக் கவர்ல போட்டு உடனே மில்லுக்குக் கீழ கொண்டு வரச் சொன்னார். கையில இருந்த ஈயெல்லாம் தீந்துபோச்சாம், மீன் இப்பதான் மேல வருதாம்."